வழியில் நின்ற வண்டி

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு விரைவில் ஒரே பொருளுக்கு வந்து சேரும். யாருடைய வண்டி எங்கே நின்றது என்பதே அது. ஒருவருக்குக் கிளட்ச் கேபிள் அறுந்திருக்கும்; மற்றவருக்குச் செயின் கழன்றிருக்கும்; மூன்றாமவர் மழையில் பிளக் நனைந்து நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு வந்திருப்பார். இக்கதைகளில் எல்லாம் குற்றம் வண்டியினுடையதாகவோ மெக்கானிக்கினுடையதாகவோ இருக்கும். சொல்பவருடையதாக இருப்பது அரிது. எங்களிடமும் அத்தகைய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்ல எங்களுக்கு நெடுங்காலம் துணிவு வரவில்லை.

1983-ஆம் ஆண்டில் நாங்கள், கணவனும் மனைவியுமாக, திண்டுக்கல்லில் ஆசிரியப் பணியில் இருந்தோம். அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் எளிதில் கைக்கு வரும் பொருளன்று. 1956-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்புத் தொடங்கியது. 1961-இல் மைசூரில் ஜாவா வந்தது. ஆயினும் எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்குப் பழைய வண்டியே கட்டுபடியாயிற்று. இரண்டு கை மாறி வந்த ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியை வாங்கினோம். அது எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே முக்கியமன்று. ஏனெனில் பின்னர் நடந்ததற்கு அதைச் செய்தவர்கள் பொறுப்பல்லர்.

அவ்வகை எஞ்சினைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் தனியே அடியில் தங்கி, உள்ளுறுப்புகளை நனைத்துக்கொண்டிருக்கும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. பெட்ரோலும் காற்றும் எஞ்சினின் அடிப்பகுதி வழியாகவே மேலே செல்வதால், எண்ணெயும் பெட்ரோலுடன் கலந்தே உள்ளே போக வேண்டும். எங்கள் வண்டிக்கு லிட்டருக்கு 40 மில்லி கணக்கு. எண்ணெய் போகாவிட்டால் பிஸ்டன் சூட்டில் விரிந்து, சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். 'எஞ்சின் பிடித்துக்கொண்டது' என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் பேருந்து நிலையத்துக்கு அருகே சிறு பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். ஊரார் அனைவருக்கும் அவர் 'பாய்'தான். அவ்வாண்டு அவர் சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். "வாத்தியாரய்யா, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும்வரை நாற்பதைத் தாண்டாதீர்கள், எண்ணெயைச் சற்றுக் கூடவே ஊற்றுங்கள்" என்று இருமுறை சொல்லி அனுப்பினார்.

நான்கு நாள் கழித்து, மாலையில் தந்தி வந்தது. நிலக்கோட்டையில் மனைவியின் தந்தையார் கவலைக்கிடமாக இருந்தார். இருவருமே அவரை அப்பா என்றுதான் அழைப்போம். உடனே புறப்பட்டோம். டாங்க் ஏறக்குறையக் காலி. பெட்ரோல் பங்கில் எங்களுள் ஒருவர் பணம் கொடுக்கப் போனார். மற்றவர் வண்டியருகே நின்றார். எண்ணெய் டின் வழக்கம்போல் பக்கப் பெட்டியில் இருந்தது. நின்றவர் ஊற்றியிருப்பார் என்று ஒருவர் எண்ணினார். பங்குப் பையனிடம் சொல்லியிருப்பார் என்று மற்றவர் எண்ணினார். ஒருவரையொருவர் கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டாதீர் என்ற சொல்லும் அன்று நினைவில் இல்லை.

சின்னாளப்பட்டியைத் தாண்டியதும் வண்டி இழுக்கத் தடுமாறியது. உள்ளிருந்து கணீரென்று ஓர் ஒலி வந்தது. இன்னும் சிறிது தூரம், இன்னும் சிறிது தூரம் என்று முறுக்கினோம். பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்று, வண்டி சறுக்கிச் சாலையோரம் சாய்ந்தது. அடிபடாமல் எழுந்தோம். கிக்கரை மிதித்தால் அது அசையவில்லை. இடப்பக்கம் சிறுமலை இருட்டாக நின்றது. அவ்வழியே வந்த லாரி ஒன்று கொடைரோடு வரை ஏற்றிச் சென்றது. அங்கிருந்து வேறு வண்டி கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. "பிள்ளை வந்துவிட்டதா?" என்று எட்டு மணிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். விடிவதற்குள் உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்து ஊர் திரும்பியதும், வண்டியை ஏற்றிவரச் செய்து நேரே பட்டறைக்குப் போனோம். துயரம் சினமாக மாறியிருந்தது. வேலையாட்களும் வாடிக்கையாளர்களும் பார்த்திருக்க, "உம்முடைய கைவேலையால்தான் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று" என்று சொன்னோம். பாய் மறுமொழி கூறவில்லை. டாங்கிலிருந்து சிறிது பெட்ரோலைக் கையில் ஊற்றி, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "வண்டியை விட்டுப் போங்கள் ஐயா, சரிசெய்து தருகிறேன்" என்றார். கூலி தரமாட்டோம் என்றோம். தலையசைத்தார்.

இரண்டு வாரம் கழிந்தது. வண்டி வீடு வந்தபின், ஸ்பேனர் எடுக்கப் பக்கப் பெட்டியைத் திறந்தபோது எண்ணெய் டின் கைக்கு வந்தது. தந்தி வந்த நாளுக்கு முந்தின நாள் வாங்கிய டின். அதன் மூடி உடைக்கப்படாமல் இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்று பங்கில் நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்ததும் எல்லாம் விளங்கிற்று. அவ்விரவு நாங்கள் உணவு கொள்ளவில்லை.

மறுநாள் டின்னுடன் பட்டறைக்குப் போனோம். பாய் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "உங்களுக்கு அன்றே தெரியுமா?" என்று கேட்டோம். "பெட்ரோலில் பிசுபிசுப்பே இல்லையே, டீச்சரம்மா. தகப்பனாரை அடக்கம் செய்துவிட்டு வந்து நிற்கிறீர்கள். தவறு உங்களுடையது என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்?" என்றார். பழி கூறியது பலர் முன்னிலையில். ஆகவே மன்னிப்பையும் பலர் முன்னிலையிலேயே கேட்டோம். எங்கள் பேச்சைக் கேட்டுப் பட்டறை மாறிய இரு நண்பர்களின் வீடுகளுக்கும் சென்று உண்மையைச் சொன்னோம். அவ்வேலைக்குரிய கூலியைப் பாய் வாங்கிக்கொண்டார். அதற்குமேல் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார்.

பின்னர் அவரிடம் கற்றுக்கொண்டது ஏராளம். வண்டி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும் என்பார். கிளட்ச் கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. பிடியருகே முதலில் ஓர் இழை பிரியும். செயின் கழல்வதற்கு முன் பல நாள் தளர்ந்து சலசலக்கும். பிளக்கில் கரி ஏறினால் காலையில் இரண்டு உதை அதிகம் வாங்கும். பிஸ்டன் பிடிக்குமுன் இழுவை குறையும். அந்தக் கணமே கிளட்சை அழுத்தி நிறுத்தினால் எஞ்சின் பிழைக்கும். அன்றிரவு எங்கள் வண்டியும் சொல்லியது; நாங்கள்தான் கேட்கவில்லை.

காலம் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின், புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரையே விட்டுவிட்டன. எங்கள் மகனின் வண்டிக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வேலை கிடையாது; கோளாறு என்றால் விளக்கு எரிந்து காட்டுகிறது. ஆனால் செயினுக்கு எண்ணெயும் டயருக்குக் காற்றும் இன்றும் மனிதர் கையால்தான் ஆக வேண்டும். விளக்கு எரிந்தாலும் அதைப் பார்த்து நிறுத்துபவர் ஓட்டுபவரே.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. வண்டி புறப்படுமுன் ஒருவர், "எல்லாம் பார்த்தாயிற்றா?" என்று கேட்க வேண்டும், மற்றவர் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒருவரையொருவர் கேளாமல் போன ஒரு மாலையின் விலை எங்களுக்குத் தெரியும். உங்கள் வண்டி வழியில் நின்றால், மெக்கானிக்கின் பெயரைச் சொல்லுமுன் பக்கப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.