வெயில் நாட்டில் வைட்டமின் டி பஞ்சம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்க வேண்டியவள் நான். கண் விழித்தபோது ரயில் பேங்க் நெகாரா நிலையத்தில் நின்றிருந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. எதிர்த் தண்டவாளத்தில் ரயிலுக்காகக் காத்திருக்கையில் அழுகை வந்துவிட்டது. ஏனென்றால், முதல் நாள் இரவு நான் ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தேன்.

அப்போது எனக்கு வயது 34. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். தலைமுடி சீப்போடு வந்தது. மற்றவர்கள் ஏர்கோன் போதவில்லை என்னும்போது நான் குளிர்சட்டையோடு நடுங்கினேன். படியேறினால் தொடைகள் கனத்தன. அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான். "உட்கார்ந்தே வேலை பார்த்தா உடம்பு சோம்பித்தான் போகும். உங்க பாட்டி விடியறதுக்குள்ள பால்மரம் வெட்டப் போயிடுவாங்க." அம்மா சொல்லச் சொல்ல, நான் சோம்பேறிதான் என்று நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் அளவு 14 என்று வந்தது. ஏறக்குறைய 4 வரைதான் இருக்கலாம். தைராய்டை வேலை வாங்குவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளைதான் டிஎஸ்எச். தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் கட்டளையின் அளவு ஏறிக்கொண்டே போகும். எனக்கு வந்திருந்தது ஹஷிமோட்டோ. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. லெவோதைராக்சின் மாத்திரை 50 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். நோய் என்று கேட்டதும் பயப்படுவதற்குப் பதிலாக எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சோம்பேறி இல்லை.

இரண்டு மாதத்தில் தூக்கம் தெளிந்தது. குளிரும் விட்டது. ஆனால் கால் வலியும் முதுகு வலியும் போகவில்லை. தைராய்டுதான் என்று நானாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் வைட்டமின் டி-யைச் சோதிக்கச் சொன்னார். வந்த அளவு 28 நானோமோல். 50-க்குக் கீழ் போனாலே பற்றாக்குறை என்று கணக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. தலை உருகும் இந்த ஊரில் வெயில் சத்து இல்லையாமா? வீட்டுக்கு வந்து என் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மணிக்கு இருட்டில் கிளம்புகிறேன். ரயில், கண்ணாடிக் கட்டடம், ஏர்கோன். மதியம் சாப்பிடப் போனால் துன் சம்பந்தன் சாலைக் கடைகளின் ஐந்தடி நிழலிலேயே நடை. வீடு திரும்ப இரவு ஏழரை. சனிக்கிழமை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சாமான் வாங்கப் போனாலும் கையில் குடை. தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புறஊதா பி கதிரைச் சன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். நம்முடைய கருமையான தோலுக்கோ அதே அளவு சத்தை உண்டாக்க வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும்.

குடைக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. "வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே. அப்புறம் யாரு கட்டிக்குவா?" இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்? பள்ளியில் பூப்பந்து ஆடுவதை நான் 13 வயதில் நிறுத்தியது இதனால்தான். கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் குடையை மட்டும் விடவில்லை.

டி சத்தும் கால்சியமும் சேர்ந்த மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் கெட்டிக்காரத்தனமாக, மறந்துவிடக் கூடாதென்று இரண்டு மாத்திரையையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போனதும் ரொட்டி சானாய், தே தாரிக், இரண்டு மாத்திரை. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

மூன்று மாதத்தில் பழைய களைப்பு திரும்பியது. டிஎஸ்எச் மறுபடியும் 8.6. மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். மருந்து வாங்கப் போன அரசாங்க கிளினிக்கில், மருந்துக் கூண்டுக்குப் பின்னால் இருந்த இளம் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அக்கா, காலையில என்னென்ன சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்கு?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கால்சியம் வயிற்றுக்குள் தைராய்டு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இரத்தத்தில் சேரவே விடாதாம். இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரமாவது வேண்டும். காப்பியும் சோயாவும்கூட மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதனால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, பசியாற அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். மாத்திரைப் பொட்டலத்தில் அச்சடித்திருந்ததைத்தான் அவர் சொன்னார். நான் ஒருநாளும் படித்ததில்லை. மருத்துவரிடம் பேசி, அளவைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்க்க முடிவானது.

இப்போது காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் தைராய்டு மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். ரயிலேறி அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பசியாறல். கால்சியம்-டி மாத்திரை மதியச் சாப்பாட்டோடு. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயோ மீனோ உள்ள சாப்பாட்டோடு போவது நல்லது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்எச் 2.9. மாத்திரை அதே 50தான்.

இதற்கிடையே சொந்தக்காரர்களின் வாட்சப் வைத்தியமும் வந்தது. வைட்டமின் டி ஏறினால் தைராய்டு தானாகச் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்து என்றார் ஒரு சித்தி. ஆசையாகத்தான் இருந்தது. மருத்துவர் மறுத்துவிட்டார். ஹஷிமோட்டோ உள்ளவர்களிடம் டி குறைவு அடிக்கடி காணப்படுவது உண்மை. ஆனால் ஒன்றுக்கு மற்றது மருந்தாகாது. அதிக சக்தி டி மாத்திரையைக் கடையில் வாங்கி இஷ்டத்துக்குப் போடுவதும் ஆபத்து. அது உடலில் தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். முடிக்காக நான் விழுங்கிய பயோட்டினுக்கும் திட்டு விழுந்தது. அது தைராய்டு பரிசோதனை முடிவையே பொய்யாக்கிவிடக்கூடும். சோதனைக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டுமாம்.

வெயிலிலும் ஒரு தப்புக் கணக்கு போட்டிருந்தேன். விடுமுறை நாளில் காலை ஏழரைக்கு மாடியில் நின்று இளவெயில் காய்ந்தேன். அந்த வெயிலில் புறஊதா பி கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் தோலுக்கு வேலை நடக்கும். 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணி வாக்கில்தான். ஏழரை மணி என்பது நமக்கு விடிந்த கையோடு. இப்போது மதியம் சாப்பாட்டுக்குப் போகையில் ஐந்தடியை விட்டு இறங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வெட்டவெளியில் நடக்கிறேன். தோல் எரியும் அளவுக்கு நிற்பதில்லை. வெயிலோடு மாத்திரையும் தொடர்கிறது. ஆறு மாதத்தில் டி அளவு 76-க்கு வந்தது. மாடிப்படி இப்போது மாடிப்படியாகத்தான் இருக்கிறது, மலையாக இல்லை.

இரண்டு குறைகளுக்கும் முகம் ஒன்றுதான், களைப்பு. ஒன்றைக் கண்டுபிடித்த கையோடு எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினேன். இன்னொன்று ஆறு மாதம் ஒளிந்துகொண்டது. மருந்து போட்டும் வலி மிஞ்சினால் மறுபடி கேளுங்கள். என்ன மாத்திரை என்பதோடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.

போன தீபாவளிக்கு முன் அம்மாவையும் வற்புறுத்திப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பல வருட முட்டிவலியை வயசு என்றே தள்ளி வந்தவர். தைராய்டு நன்றாக இருந்தது. வைட்டமின் டி 22. முடிவைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தவர், காரில் ஏறியதும், "அப்ப நீ பொய் சொல்லலதான்" என்றார்.

போன ஞாயிறு பதினொரு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்தும் உள்ளே வரவில்லை. வெயிலிலேயே நின்றார். "கறுத்துடுவீங்கம்மா" என்று சன்னலிலிருந்து சீண்டினேன்.

"கறுத்தா கறுத்துட்டுப் போறேன். உன் மகளையும் கூப்பிடு, இங்க வந்து விளையாடட்டும்."