பல் பிடித்துப் பார்க்காமல் பழைய வண்டி வாங்கலாமா?

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் ஒன்றை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். திருவள்ளூர் மாவட்டத்தில் இரண்டு ஏக்கரில் கத்திரி, வெண்டை போடும் விவசாயி எழுதியது. 'வாடகை வண்டியில் காய் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. மணலி பக்கம் ஒரு கடையில் சின்ன லோடு வண்டி பழையது விலைக்கு இருக்கிறது. மற்ற இடங்களில் சொல்லும் விலையைவிட ரொம்பக் குறைச்சல். வாங்கலாமா?' என்று கேட்டிருந்தார்.

உரம், பூச்சி, மானியம் என்று எழுதுகிறவனிடம் வண்டிக் கேள்வி ஏன் வந்தது என்றால், ஆசிரியருக்கு என் பழைய கதை தெரியும். எனக்குச் சொந்த ஊர் சடையங்குப்பம். ஒரு பக்கம் மணலி தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் எண்ணூரில் கடலைத் தேடிப் போகும் கொசஸ்தலை ஆறு. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை கிராமப் பஞ்சாயத்தாக இருந்த ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேளாண்மைப் பட்டம் வாங்கிவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்த இரண்டு வருஷம், திருவொற்றியூர் பக்கம் ஒரு பழைய கார் கடையில் வேலை பார்த்தேன். கணக்கு எழுதுவது, வண்டி துடைப்பது, பார்ட்டி வந்தால் சாவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். என் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. 'அக்ரி தம்பி' என்பார்கள்.

கடையில் ஒரு காலை

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு, ஒன்றிரண்டு மாருதி, மஹிந்திரா ஜீப். இவைதான் கடையில் நிற்கும். எண்ணூர் அசோக் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள் போனஸ் வந்ததும் விசாரிக்க வருவார்கள். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து விவசாயிகள் அறுப்பு முடிந்த கையோடு வருவார்கள்.

காலையில் முதல் வேலை பேட்டரி மாற்றுவது. எட்டு வண்டி நின்றால் நல்ல பேட்டரி இரண்டுதான் இருக்கும். எந்த வண்டியைப் பார்க்க ஆள் வருகிறதோ அதில் மாட்ட வேண்டும். அடுத்தது, ஆள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைப்பது. குளிர்ந்த இன்ஜின் தன் வியாதியைச் சொல்லிவிடும், சூடான இன்ஜின் சொல்லாது. டயருக்குக் கறுப்புப் பூச்சு. டிங்கர் வேலை முடிந்த கதவை நிழல் பக்கம் திருப்பி நிறுத்துவது. மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தால் அதை முதலில் காட்டுவது, அதிகமாக இருந்தால் மீட்டர் ரிப்பேர் என்பது.

மெக்கானிக் மேஸ்திரிக்கு அப்போதே அறுபது வயது இருக்கும். 'வண்டி பேசும் தம்பி. நீ வாய மூடிக்கினு அத்த கேளு' என்பார். புகையில் நீலம் தெரிந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பிற்பாடு டிராக்டர் விஷயத்தில் விவசாயிகளுக்கு நான் சொன்னதில் பாதி அந்தக் கடையில் கற்றது.

விவசாயி பெரும்பாலும் தனியாக வரமாட்டார். நாலைந்து பேர் வருவார்கள். அதில் ஒருவர் 'நம்ம டிரைவர், வண்டி தெரிஞ்சவரு' என்று அறிமுகமாவார். முதலாளி முதல் டீயை அவருக்குத்தான் சொல்வார். வியாபாரம் முடிந்த மறுநாள் அவர் மட்டும் தனியாக வந்து கமிஷனை வாங்கிக்கொண்டு போவார். எல்லா டிரைவரும் அப்படி இல்லை. ஆனால் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர் யார் பக்கம் என்று நமக்கு எப்படிச் சட்டென்று தெரியாதோ, இங்கேயும் அப்படித்தான்.

'கேட்டா சொல்லு'

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொன்ன விதி ஒன்றுதான். 'கேட்டா சொல்லு. கேக்காதத நீயா சொல்லாத.' பொய் சொல்லச் சொல்லவில்லை. அவரைக் கெட்டவர் என்றும் சொல்லமாட்டேன். சம்பளம் தேதி தவறாது, மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு முன்நின்று செய்தார். ஆனால் அந்த ஒரு விதியில்தான் கடையே நின்றது. கேட்கத் தெரிந்தவருக்கு நல்ல வண்டி கிடைத்தது, கேட்கத் தெரியாதவருக்கு மிச்சம் கிடைத்தது. 'ஆக்ஸிடென்ட் ஆன வண்டியா?' என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றால் ஆமாம் என்றேன். 'வண்டி எப்படி, நல்லா இருக்கா?' என்று மட்டும் கேட்டால் கடை சொல்லும் பதில் எப்போதும் ஒன்றே: 'ஓட்டிப் பாருங்க.'

பழைய வண்டிக் கடைக்குப் போகும் எவரும் கேள்விகளை எழுதி எடுத்துப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எலுமிச்சம்பழக் கணக்கு

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஊரில் மோசமான காருக்குப் பேச்சு வழக்கில் எலுமிச்சம்பழம் என்று பெயர். நாமோ வண்டி எடுக்கும்போது நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம்!

அவர் சொன்னது இதுதான். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்கமாட்டார். கடைசியில் சந்தையில் தேறாத வண்டிகளே மிஞ்சும்.

நமக்கு இது புதிதில்லை. மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், கறந்து காட்டச் சொல்கிறோம். விதையில் அதுவும் முடியாது. நெல் மணியைக் கையில் வைத்துப் பார்த்து முளைப்புத் திறனைச் சொல்ல முடியுமா? அதற்காகத்தான் 1966-ல் விதைச் சட்டம் வந்தது. சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, நெல் என்றால் குறைந்தது 80 சதவீத முளைப்புத் திறன் என்று விதி வந்தது. விற்பவருக்கு மட்டும் தெரிந்ததை அட்டை வாங்குபவருக்கும் சொல்லிவிடுகிறது.

பழைய வண்டிக்கு அப்படிப்பட்ட அட்டை நெடுங்காலம் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் கடைக்காரர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். சான்று 5 ஆண்டுக்குச் செல்லும். இது வண்டியின் தரத்துக்குச் சான்று அல்ல, கடைக்காரருக்கான சான்று மட்டுமே. ஆனாலும், 'அங்கீகாரச் சான்று இருக்கிறதா, காட்டுங்கள்' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

தண்ணீர் பார்த்த வண்டி

கடிதம் எழுதியவர் கவனிக்க வேண்டியது, விலை 'ரொம்பக் குறைச்சல்' என்பதைத்தான். புழல் ஏரி உபரி நீர் திறக்கும்போது எச்சரிக்கை விடப்படும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. பூண்டியைத் திறந்தாலும் கொசஸ்தலை வழியாக எங்களுக்குத்தான் வரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. மூழ்கிய வண்டியை இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பாகக் கணக்கிட்டால், அது கழிவு ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வருபவையும் உண்டு. கழிமுகத்து உப்புத் தண்ணீர் ஏறிய வண்டி என்றால் இன்னும் மோசம். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து வயர் ஒவ்வொன்றாக அறுந்து விழும்.

கண்டுபிடிக்கும் வழிகள் எளிது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறையின் கோடு உள்ளே இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் பனி படிந்த மாதிரி ஈரம், டேஷ்போர்டுக்கு அடியில் வயர் இணைப்புகளில் செம்புப் பாத்திரத்துக் களிம்பு போலப் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குச்சியை எடுத்தால் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே சொல்லாமல் காலையில் போய், இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். துணி சுற்றிய காந்தத்தைக் கதவில் ஒட்டிப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

கையெழுத்துப் போட்டால் முடிந்ததா?

வாங்குபவரைவிட விற்பவருக்கு ஆபத்து அதிகம் என்று நான் புரிந்துகொண்டது ஒரு பெரியவரால். மீஞ்சூர் பக்கத்து விவசாயி. தன் ஜீப்பை ஒரு புரோக்கரிடம் விற்று, நிரப்பாத படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து அவருக்குக் கோர்ட் சம்மன் வந்தது. அந்த ஜீப் ஒருவரை இடித்துவிட்டது. இன்சூரன்ஸ் காலாவதி, ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் அவர் பெயர். அந்தப் புரோக்கரைத் தெரியுமா என்று விசாரிக்கத்தான் எங்கள் கடைக்கு வந்தார். சம்மனைப் படித்துச் சொன்னது நான். 'வண்டி என்கிட்ட இல்லியேப்பா' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டெலிவரி நோட்டு ஒரு துண்டுகூட அவரிடம் இல்லை. வக்கீல் செலவுக்கு உழவு மாட்டை விற்றார். வாய்தாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கடை பெஞ்சில் வந்து உட்காருவார், ஒன்றும் கேட்கமாட்டார். எனக்கு வேலை உத்தரவு வந்து கடையை விட்டுப் போகும்வரை வழக்கு முடியவில்லை.

சட்டம் இன்றும் அதுதான். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னது. ஆகவே விற்பவர் படிவம் 29-ஐ 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வாங்குபவர் படிவம் 30-ஐ 30 நாளுக்குள் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கடன் வாங்கிய வண்டி என்றால், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கடைக்கு விற்கிறீர்களா? வண்டி கைமாறியதை இணையவழியில் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். அதன்பின் பொறுப்பு கடைக்காரருடையது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடுவது, நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

கடிதத்துக்குப் பதில்

வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். எத்தனை வருஷ வண்டி, கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ், தகுதிச் சான்று எதுவரை என்று தெரிந்துவிடும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பாருங்கள். இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். இந்தக் கடைக்குச் சம்பந்தமில்லாத, நீங்களே கூலி கொடுத்துக் கூட்டிப்போகும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்தக் கூலி வீண் செலவு இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு போடுங்கள். வருஷத்தில் எத்தனை நாள் காய் போகும்? அத்தனை நாள் வாடகை எவ்வளவு? அதன் எதிரில் இன்சூரன்ஸ், வரி, டயர், ரிப்பேர், வட்டி எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு ஏக்கருக்கு மட்டும் என்றால் சொந்த வண்டி பெரும்பாலும் கட்டாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில் காய் அனுப்ப முடியுமா என்று பேசிப் பாருங்கள். பழைய டிராக்டர் வாங்க நினைப்பவர்களும் இதே கணக்கைப் போடலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை இ-வாடகை திட்டத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கணக்கு கட்டினால் வாங்குங்கள். பழைய வண்டி என்பதே தப்பான பொருள் இல்லை. கடையில் நான் பார்த்த நல்ல வண்டிகளும் நிறைய. ஆனால் முன்பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள்: 'விபத்தில் அடிபட்டதா? தண்ணீரில் நின்றதா? விலை ஏன் குறைச்சல்?' பதிலைக் கடைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் வாங்க வேண்டாம்.