நாகபுரியில் ஒரு நண்பன்

பயணக் கட்டுரை என்றவுடன் தாஜ்மகாலையோ உதகையையோ எதிர்பார்த்து இப்பக்கத்தைப் புரட்டும் நண்பர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போய் வந்த ஊரில் பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை. ஆரஞ்சுத் தோட்டங்கள் உண்டு. ஆனால் நான் சென்ற மே மாதத்தில் காய்கள் நெல்லிக்காய் அளவுதான் இருந்தன. வெயில் உண்டு. அந்த வெயிலைக் கண்டபின் நம் ஊர் வெயிலை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது! இவ்விரண்டையும் விட்டால், 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் நான் காணச் சென்றது ஒரு லாரியையும், அதன் அடியில் பாய் விரித்துப் படுத்திருந்த என் நண்பனையும்தான்.

அவன் பெயரை எழுத அவன் ஒப்பவில்லை. ஆகவே நண்பன் என்றே குறிக்கிறேன்.

திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் எங்கள் இருவர் வீடும் ஒரே சந்தில் இருக்கின்றன. அவன் தந்தையார் விசைத்தறி ஓட்டுபவர். தறிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் மெல்லப் பேசுவதில்லை. அவன் வீட்டில் சோறுண்ண அழைப்பதும் சண்டைக்கு அழைப்பதும் வெளியாருக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

2011-ஆம் ஆண்டு வைகாசி விசாகத் தேருக்குத் திருச்செங்கோடு போனபோது, அவன் மாமா தேர்க்கடையில் அவனுக்கு ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். எங்களுக்கு அப்போது எட்டு வயது. அவன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகி மூலையில் கிடந்தது. எங்கள் வீட்டிலோ அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி புதுமெருகு குலையாமல் இருந்தது. விளையாட்டுக் கருவி அவனுடையது, பெட்டி எங்களுடையது. உலகில் எத்தனையோ கூட்டு நிறுவனங்கள் இருக்கலாம். இதைப்போல் கணக்குப் பார்க்காத கூட்டு இருந்திருக்குமா என்பது ஐயமே!

கேசட்டின் மேல் '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் செலவிட்டு எண்ணிப் பார்த்ததில் முப்பதுக்குமேல் தேறவில்லை. மீதியெல்லாம் அதே ஆட்டங்கள், வேறு எண்களில். வாத்துச் சுடும் துப்பாக்கி ஒன்றும் உடன் வந்தது. அது பழைய குழாய்த் திரைப் பெட்டிகளில் மட்டுமே வேலை செய்யும் என்பது பின்னாளில் படித்தறிந்த செய்தி. அக்கருவியின் மூலம் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம். அதைப் பார்த்துச் செய்த மலிவுப் போலிகளே நம் ஊர்த் தேர்க்கடைகளுக்கு வந்து சேர்ந்தன. மூலக்கருவியின் தயாரிப்பை அந்நிறுவனம் 2003-இல் நிறுத்திவிட்டது. நாங்கள் பிறந்ததும் அந்த ஆண்டில்தான். செத்துப்போன ஒரு பொருளின் நிழலோடுதான் எங்கள் பிள்ளைப் பருவம் கழிந்தது என்று எங்கள் கணிப்பொறித்துறை நண்பர் ஒருவர் கேலி செய்வார். செய்யட்டும்.

மரியோவைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். எங்களுக்கு உயிர் 'காண்ட்ரா'தான். கொனாமி நிறுவனம் வீட்டுக் கருவிக்கென 1988-இல் கொண்டுவந்த ஆட்டம் அது. இருவர் சேர்ந்தே ஆடலாம். ஒருவன் நீலக் கால்சட்டை, மற்றவன் சிவப்புக் கால்சட்டை. நான் சிவப்பு. மூன்றாம் கட்டத்தில் ஓர் அருவி வரும். பாறைகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். இருவரில் ஒருவன் விரைந்து ஏறினால் திரையும் அவனோடு மேலே போய்விடும். கீழே தங்கியவன் செத்துப்போவான். ஆகவே ஏறத் தெரிந்தவன் ஏறத் தெரியாதவனுக்காக நிற்க வேண்டும். ஏறத் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

அந்த ஆட்டத்தில் இன்னொரு விந்தை உண்டு. ஒருவனுடைய உயிர்கள் எல்லாம் தீர்ந்துவிட்டால், ஒரு பொத்தானை அமுக்கி மற்றவனுடைய உயிர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பவனைக் கேட்க வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டே இருப்பேன், அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் "எடுத்துக்கடா" என்பான். நான் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. அவன் கேட்டதாகவும் நினைவில்லை.

2012-இல் நம் மாவட்டங்களில் நிலவிய மின்வெட்டைப் பேராசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. ஏழாம் கட்டத்தில் மின்சாரம் போனால் மறுபடி முதற்கட்டக் காட்டிலிருந்துதான் ஓட வேண்டும். அதனால் மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதே எங்களுக்கு விடியல். இரவு பத்து மணிக்கு வந்தாலும் அவன் சுவர் தாண்டி வந்துவிடுவான். அப்பத்தா அதே அறையில் உறங்குவார். கருவியிலிருந்து பெட்டிக்கு இரண்டு வயர்கள் செல்லும். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை வயர் ஒலிக்கு. வெள்ளை வயரைப் பிடுங்கிவிடுவோம். ஓசையின்றிக் குண்டுகள் பாயும், ஓசையின்றி இறப்போம். பேசவும் கூடாதே! ஆகவே முழங்கையால் ஓர் இடி இடித்தால் 'தாவு', இரண்டு இடித்தால் 'நில்'. அப்படியே எட்டாம் கட்டத்தையும் கடந்து, வென்ற மகிழ்ச்சியில் கத்த முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்ட இரவு எங்களுக்கு உண்டு.

2014-இல் ஒருநாள் அடாப்டர் புகைந்தது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

மேனிலைப் பள்ளி முடித்த 2020-ஆம் ஆண்டு எங்களைப் பிரித்தது. ஊரடங்கில் தறிகள் நின்றன. பாவு நூலுக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கவில்லை. நான் நம் கல்லூரியில் சேர்ந்தேன். அவன் ரிக் வண்டி ஏறினான். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியாவில் போகாத மாநிலம் குறைவு. இரண்டு லாரிகள் சேர்ந்தது ஒரு வண்டி. ஒன்றில் துளையிடும் கோபுரமும் காற்றழுத்தும் கம்ப்ரசரும் இருக்கும். மற்றொன்றில் இருபதடி ராடுகள், டீசல், அரிசி மூட்டை, அடுப்பு. தைப்பொங்கல் முடிந்து போனால் மழைக்காலத்தில்தான் திரும்புவார்கள்.

முதலிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பேசுவான். பிறகு பேச்சு குறைந்தது. செல்பேசியில் அழைத்தால் எடுப்பதில்லை, எழுத்தில் மட்டும் விடை வரும். 2024 ஏப்ரலில் அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். "கண்ணு, நாம்பாட்டுக்கு ஒண்ணு கேட்டா அவன் ஒண்ணு சொல்றான். சோறு தின்னயான்னா, பணம் போட்டுட்டேங்கறான். அவங்கப்பங்கூட மட்டும் நல்லாப் பேசறான். எம்மேல என்ன வருத்தம்னு தெரியல. அங்க ஏதாச்சும் பழக்கம் புடிச்சுக்கிச்சா, யாரையாச்சும் பாத்துக்கிட்டானா? நீ போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா சாமி" என்றார்கள். கூடவே ஒரு தூக்கில் முறுக்கும், பருப்புப் பொடியும், வழிச்செலவுக்கு ஆயிரம் ரூபாயும். அந்த ஆயிரம் எப்படிச் சேர்ந்தது என்பதை அறிந்தவன் நான். வாங்கவில்லை என்றால் வருந்துவார்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

சேலத்தில் இரவு கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினேன். விடிந்தபோது ஆந்திரம். விசயவாடாவில் கிருட்டிணை ஆற்றைக் கடக்கையில் வெயிலில் கம்பிகள் தொட முடியாதபடி சுட்டன. எதிரே அமர்ந்திருந்த கேரளப் படைவீரர் தம் வாழைக்காய் வறுவலைத் தந்தார், நான் முறுக்கைத் தந்தேன். வாரங்கல்லுக்குப் பிறகு பேச்சும் ஓய்ந்து, பல்லார்ஷாவில் தேநீர் குடித்து, இரவு நெடுநேரம் கழித்து நாகபுரியில் இறங்கினேன். அங்கிருந்து காலைப் பேருந்தில் காட்டோல். அதற்கப்பால் ஒரு டிராக்டர். தூரத்திலேயே வண்டியின் இரைச்சல் கேட்டுவிட்டதால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையிலிருந்து கால்வரை கல்மாவு. கண்ணிமைகூட வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் கைப்பிடியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டான். வருத்தமுள்ளவன் கட்டிக்கொள்ளும் கட்டா அது?

நம் பக்கத்துப் பாறை வேறு, அந்தப் பக்கத்துப் பாறை வேறு. அது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. காட்டோல் பகுதியில் ஆரஞ்சுக்காக ஆழமாய்த் துளைத்துத் துளைத்து நீர்மட்டம் இறங்கிவிட்டது. அன்று ஐந்நூறு அடி தாண்டியும் மாவு மாவாகத்தான் வந்தது. தோட்டக்காரப் பெரியவர் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். அறுநூறுக்குப் பக்கத்தில் மாவு சேறாகி, சேறு நீராகிப் பீச்சியடித்தபோது அவர் எழுந்து போய் அந்தச் சேற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏன் இதைவிட்டு வருவதில்லை என்பது அப்போது எனக்குச் சிறிது புரிந்தது.

அவ்வளவு நேரமும் அங்கே யாரும் பேசவில்லை. பேசிக் கேட்காது. விரலை வளைத்தால் ராடு, கையை வெட்டினால் நிறுத்து, மணிக்கட்டைச் சுழற்றினால் காற்று. எனக்கு முழங்கை இடிகள் நினைவுக்கு வந்தன.

இரவு லாரியடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சொன்னதை மெல்ல எடுத்தேன். அவன் பதில் பேசாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுபடி சொன்னேன். அசையவில்லை. சோறாக்கிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்து, "தம்பி, இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. அந்தக் காது அவனுக்கு எடுக்காது" என்றார், உப்பு இல்லை என்று சொல்வதுபோல.

நான் எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். சற்று நேரம் இருவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவனே சொன்னான். அவர்கள் வண்டியில் கைப்பிடிகள் இருக்கும் இடத்தில் நின்றால் கம்ப்ரசர் இடப்பக்கம் அமையும். நாளொன்றுக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி. பனியன் வேஸ்டைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொள்வார்களாம், அவ்வளவுதான் காப்பு. முதலில் இரவில் ஓயாத ரீங்காரம். பிறகு இடக்காது போயிற்று. வலக்காதிலும் ஓசை வருகிறது, சொல் பிரிவதில்லை. "ஆம்பளைங்க பேசுனா புரியுதுடா. அப்பா கத்துவாரு, புரிஞ்சிரும். அம்மா பேசறதுதான்... சத்தம் வருது, என்ன சொல்லுதுன்னு தெரியல. ரெண்டு தடவை கேட்டா அழுகுது. அதான் குத்துமதிப்பா ஏதாச்சும் சொல்லிருவேன்."

இதற்குக் காரணம் உண்டு என்று பின்னர் அறிந்தேன். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்கணக்கில் நிற்பவர்களுக்கு உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். எனவே பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும்தான் முதலில் தொலைகின்றன.

"வீட்டுல சொல்லாத. கடன் இன்னும் ஒண்ணரை லட்சம் இருக்குது. சொன்னா வரச்சொல்லிரும்" என்றான். நான் ஓர் உடன்படிக்கை செய்தேன். நான் சொல்லமாட்டேன், மழைக்கு ஊர் வந்ததும் அவன் என்னுடன் மருத்துவரிடம் வர வேண்டும். அவன் கொஞ்சநேரம் யோசித்து, முழங்கையால் என்னை ஒருமுறை இடித்தான்.

ஊர் திரும்பி, "வண்டிச் சத்தத்தில் போன் சரியாகக் கேட்பதில்லையாம், வேறொன்றும் இல்லை" என்று அம்மாவிடம் சொன்னேன். பொய்யும் இல்லை. அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்களே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலையில் அவன் வந்தான். அரசு மருத்துவமனையில் காதுக்கான சோதனை செய்தார்கள். கண்ணாடி அறைக்குள் அவன் செவியில் கருவி மாட்டி உட்கார்ந்திருக்க, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியில் நின்ற நான் அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் அது அசையவில்லை. போனது திரும்பாது என்றும், இருப்பதைக் காக்க வேண்டுமானால் காதுக்கவசம் இல்லாமல் இயந்திரத்தருகே நிற்கக் கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். செவித்துணைக் கருவிக்கும் எழுதிக் கொடுத்தார். அது இன்னும் வரவில்லை.

அன்று பகல் அவன் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று நாங்கள் வழியெல்லாம் பேசிவந்தது வீண். அம்மா இலையைப் போட்டு, குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். வந்த நாள் முதலே அப்படித்தானாம். முப்பது ஆண்டு தறிச்சத்தத்தில் குடித்தனம் நடத்தியவர்களுக்குக் காதைப் பற்றி நாங்கள் என்ன சொல்வது?

ஐப்பசியில் அவன் மறுபடி வண்டி ஏறினான். போக வேண்டாம் என்று அம்மா சொன்னார்கள், அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஈரோட்டில் கடைகடையாய் ஏறி இறங்கி ஆரஞ்சு நிறக் காதுக்கவசம் ஒன்று வாங்கினோம். கைப்பிடியைவிட்டு ராடு லாரி ஓட்ட மாற்றித் தருவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார், உரிமம் எடுத்தபிறகு. அம்மா இப்போது செல்பேசியில் எழுதப் பழகுகிறார்கள். மாலையில் நான்தான் ஆசிரியர். 'சாப்பிட்டாயா' என்பதில் 'ப்' இன்னும் விழவில்லை.

வண்டி இப்போது சத்தீஸ்கரில் நிற்கிறதாம். பருவத்தேர்வு முடிந்தால் ஒருமுறை போய்வரலாம் என்று இருக்கிறேன்.