யாமா அராஷியைத் தேடி

ஜூடோவில் ‘யாமா அராஷி’ என்றொரு த்ரோ, அதாவது எதிராளியைக் கவிழ்க்கும் உத்தி, உண்டு. பாடப் பட்டியலில் இருக்கிறது; போட்டிகளில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஓர் உத்தியை அச்சுப் பிசகாமல் செய்ய வேண்டுமா, அவரவர் உடம்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாமா என்பது தற்காப்புக் கலைகளில் ஓயாத வழக்கு. அதற்கு இந்த த்ரோவின் பிறப்பு ஏதாவது சொல்லும் என்று நம்பி அதன் வேரைத் தேடினேன்.

தேடல் ஷிரோ சைகோவிடம் போய் நின்றது. ஐஸு பகுதியில் 1866இல் பிறந்தவர். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய 1882லேயே மாணவராகச் சேர்ந்தார். உயரம் ஏறத்தாழ ஐந்தடிதான். பழைய ஜுஜுட்சு பள்ளிகளோடு கோடோகன் மோதிய காலத்தில், தன்னைவிடப் பெரிய ஆட்களை அவர் இந்த த்ரோவால்தான் மல்லாத்தினார் என்பார்கள். ஆனால் அவரைப் பற்றித் தேடினால் வரலாற்றைவிடக் கதைதான் அதிகம் அகப்படுகிறது. ட்சுனேயோ டொமிட்டாவின் ‘சுகாட்டா சன்ஷிரோ’ நாவலின் நாயகனுக்கு முன்மாதிரி இவரே. 1943இல் இயக்குநர் குரோசாவா அதையே தன் முதல் படமாக எடுத்தார்.

கதையை விலக்கிவிட்டு, கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். வழக்கமான பிடியில் இடக்கை எதிராளியின் வலது சட்டைக்கையிலும், வலக்கை அவருடைய இடது காலரிலும் இருக்கும். யாமா அராஷியில் வலக்கையும் வலது காலருக்கே போய்விடும். இரண்டு கைகளும் ஒரே பக்கம். அப்படியே முதுகு காட்டித் திரும்பி, எதிராளியை முன்னால் சாய்த்து, அவருடைய வலது காலைத் தன் வலது காலால் பின்னோக்கி வாரிவிட வேண்டும். குள்ளமானவருக்கு அடியில் நுழைவது எளிது. வாரும்போது சைகோவின் கால்விரல்கள் உள்ளே மடங்கி எதிராளியின் கணுக்காலைப் பற்றிக்கொள்ளும், பாதம் வழுக்காது என்று கோடோகன் வழிக்கதைகள் சொல்கின்றன. அந்தக் காலை யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

1895இல் கோடோகன் வகுத்த 42 த்ரோக்களில் யாமா அராஷிக்கு இடம் இருந்தது. 1920இல் பட்டியலைத் திருத்தியபோது எட்டை நீக்கினார்கள், இதுவும் போயிற்று. சைகோ அதற்கு வெகுமுன்பே, 1890இல், கானோ ஐரோப்பாவில் இருந்த சமயம் கோடோகனை விட்டு விலகியிருந்தார். 1922இல் அவர் இறந்தபின் கானோ ஆறாம் டான் என்ற தகுதிநிலையை வழங்கிக் கௌரவித்தார். நீக்கிய எட்டுக்கும் 1982இல்தான் மறுபடி அங்கீகாரம் கிடைத்தது.

இதை மட்டும் வைத்து, ஒருவரின் தனித்தன்மை பாடத்திட்டத்தில் தங்காது என்று சொல்லிவிட முடியாது. கானோவின் கதையே அதை மறுக்கிறது. இளவயதில் அவரை ஃபுகுஷிமா என்ற பருத்த சக மாணவர் விடாமல் வீழ்த்திக்கொண்டிருந்தார். சுமோ உத்திகள் எடுபடவில்லை. நூலகத்தில் மேலைநாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, எதிராளியின் அடியில் புகுந்து தோளில் சுமந்து கவிழ்க்கும் ‘கட்டா குருமா’வை உருவாக்கினார். ஒரே ஓர் ஆளைச் சாய்க்கப் பிறந்த அந்த உபாயம், இன்று ‘நாகே நோ கட்டா’ எனும் கறாரான பயிற்சி வடிவத்தின் 15 த்ரோக்களில் மூன்றாவது. அங்கே கைகால் வைக்கும் இடம்கூட வரையறுத்ததுதான்.

அதுவும் அங்கேயே உறைந்துவிடவில்லை. சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010 தொடங்கிப் போட்டிகளில் காலைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்தி, 2013இல் அடியோடு தடுத்தது. வீரர்கள் கட்டா குருமாவைக் கைவிடவில்லை; காலைத் தொடாமல், சட்டைக்கையை இழுத்தபடி தாழச் சரிந்து தோளுக்கு மேலாகப் புரட்டுகிறார்கள்.

முழங்கால் காயத்தோடு 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தோஷிஹிகோ கோகாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘இப்போன் செயோய் நாகே’ என்ற த்ரோவில் பாதங்களை எதிராளியின் கால்களுக்கு நடுவே சேர்த்து வைக்க வேண்டும் என்பது பாடம். கோகா கால்களை அகல விரித்து நுழைவார். பாடப்புத்தகப் படத்தோடு ஒப்பிட்டால் பிழை. ஆனால் சமநிலையைக் குலைப்பது, அடியில் புகுவது, சுழற்றுவது என்ற வரிசை அப்படியே இருக்கிறது. இன்றைக்குப் பல பயிற்சிக்கூடங்களில் அந்த விரிந்த கால் நிலையையே தனிப் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள்.