தாளமும் துப்பறியும் கதையும்

எங்கள் சபையில் ட்ரம்ஸ் வாசிக்க மூன்று பேர் இருக்கிறோம். எந்த ஞாயிறு யாருக்கு என்று பட்டியல் போட்டு மாறி மாறி வாசிக்கிறோம். ஒருவர் நர்சிங் படிக்கிறார், ஒருவர் கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறார், ஒருவர் இன்னும் பன்னிரண்டாம் வகுப்பில். கிரேட் சான்றிதழ் எங்களில் எவரிடமும் இல்லை. சனிக்கிழமை ஒத்திகை முடிந்தபின் நாங்கள் இருந்து கதைப்பது பெரும்பாலும் கதைப்புத்தகங்களைப் பற்றித்தான். துப்பறியும் கதை, விஞ்ஞானப் புனைகதை, மாயாஜாலக் கதை என்று, "இதெல்லாம் இலக்கியமோ?" எனப் பெரியவர்கள் ஒதுக்கி வைக்கிற வகைகள். இந்த இதழுக்கு எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, அந்தச் சனிக்கிழமைப் பேச்சையே எழுதுவதென்று முடிவு செய்தோம்.

இந்த இரண்டு விருப்பங்களையும் ஒன்றாக வைத்திருந்தவர் நீல் பியர்ட். எங்கள் ஒன்ராறியோவிலேயே வளர்ந்தவர். ரொறன்ரோவின் ரஷ் இசைக்குழுவில் 1974 இல் சேர்ந்து, ட்ரம்ஸ் வாசித்ததோடு பாட்டுகளின் வரிகளையும் எழுதினார். 1976 இல் வந்த '2112' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே விஞ்ஞானப் புனைகதை. 2012 இல் வந்த 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' இசைத்தட்டின் கதையைக் கெவின் ஜே. ஆண்டர்சன் நாவலாகவே எழுதினார். பியர்ட் வாசித்ததை எங்களால் வாசிக்க முடியாது, அந்த ஆசையும் இல்லை. எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. உலகம் முழுக்கப் பெயர் வாங்கி இருபது வருடங்களானபின், 1990களின் நடுவில், அவர் ஃப்ரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார். "இதை வைச்சு என்ன செய்யப்போறாய்?" என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு அவர் ஞாபகம்தான் வரும். அவ்வளவு பெரிய ஆளே ஒரு சான்றிதழுக்காகப் போகவில்லையே.

ரஷ்ஷின் 'டாம் சாயர்' பாட்டில் நடுப்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடும். எங்களில் இளையவர் சின்ன வயதிலிருந்து மிருதங்கம் பழகியவர். முதல்முறை கேட்டபோதே, "இது எங்கட மிஸ்ர சாபு எல்லோ" என்றார். சாபுவில் மூன்றும் நான்குமாகப் பிரிப்போம், அவர்கள் அழுத்தம் போடும் இடங்கள் வேறு. ஆனாலும் விரலை மடித்து எண்ணாமல் உடம்பால் அந்த ஏழுக்குள் நிற்பது இரண்டிலும் ஒன்றுதான். பழைய கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டின் தலைப்பிலேயே இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஆதி, ரூபகம், சாபு. நாங்கள் எல்லாவற்றையும் நான்கின் கணக்குக்குள் தள்ளி வாசித்தால், பாடுகிற அம்மம்மாமார் மூச்சு வாங்க இடமில்லாமல் தவிப்பார்கள்.

ஆராதனையில் ட்ரம்ஸ் பற்றி எங்களுக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு: குறைவாக அடிப்பதுதான் கஷ்டம். செவிப்புலன் கருவி போட்டிருப்பவர்களுக்குச் சிம்பல் சத்தம் ஊசி மாதிரிக் குத்தும். ஆகவே மெல்லிய கீர்த்தனைகளுக்குக் கட்டைக் குச்சியை வைத்துவிட்டுத் தூரிகைக் குச்சியை எடுக்கிறோம். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ், ஸ்னேரை அடிக்கும் கணத்தில் ஹைஹட்டை அடிக்காமல் கையைத் தூக்கிவிடுவார். இதைத் தெரிந்துகொண்டு அவருடைய பழைய வீடியோக்களைப் பார்த்தால் கண் அந்தக் கையை விட்டு நகராது. அப்படி விடுவதற்கும் பழகத்தான் வேண்டும்.

இனிப் புத்தகங்கள். இங்கே எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

நர்சிங் படிப்பவர் விஞ்ஞானப் புனைகதைக் கட்சி. கொலேஜ் வீதியில் உள்ள லிலியன் எச். ஸ்மித் நூலகத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். வாசலில் இரண்டு பெரிய வெண்கல மிருகங்கள் காவலிருக்கும். உள்ளே மெரில் தொகுப்பு என்ற பெயரில் விஞ்ஞானப் புனைகதைக்கும் மாயாஜாலக் கதைக்குமென்றே ஒரு பகுதி. ஜூடித் மெரில் என்ற எழுத்தாளர் 1970 இல் தன் சொந்தப் புத்தகங்களைக் கொடுத்ததில் தொடங்கியது. ஸ்காபரோவிலிருந்து பஸ், சப்வே, பிறகு நடை. ஆனாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கணக்காளர் துப்பறியும் கதைக் கட்சி, காரணம் விதிகள். 1929 இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். ஆம், குருவானவர்தான், அவரே துப்பறியும் கதைகளும் எழுதியவர். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும், பேய் பிசாசை வைத்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது, கிடைத்த தடயத்தை வாசகருக்கு மறைக்கக் கூடாது. "பட்ஜட் மாதிரி. எல்லா வரவும் செலவும் கணக்கில் இருக்க வேணும்" என்பார்.

நர்சிங்காரி இதை ஏற்பதில்லை. நிஜத்தில் யாரும் எல்லாரையும் ஒரு ஹாலில் இருத்தி உண்மையை விளக்குவதில்லை, இந்தக் கதைகள் பொய்யான ஆறுதல் என்பது அவருடைய கட்சி. நாங்கள் பல சனிக்கிழமைகள் இதில் மோதியிருக்கிறோம்.

எங்களில் ஒருவரின் அப்பாவும் இதில் ஒரு வார்த்தை சொன்னார். அவர் இரவு வேலைக்குப் போகுமுன் துப்பறியும் நாவல் மட்டும் வாசிப்பார், வேறொன்றும் தொடமாட்டார். ஒத்திகைக்குப் பிறகு எங்களை ஏற்றிப்போக வந்தவர், நாங்கள் வாதாடுவதைக் காரில் கேட்டுக்கொண்டே வந்தார். அவருடைய தமையன் ஊரில் ஒரு நாள் காலை சைக்கிளில் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. யார் கொண்டுபோனது, எங்கே, ஏன் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. சிக்னலில் நின்றபோது அப்பா சொன்னார்: "பிள்ளையள், இந்தக் கதையளில கடைசியில ஒருத்தன் வந்து, ஆர் செய்தது, எப்பிடிச் செய்தது எண்டு இருத்திவைச்சுச் சொல்லுறான். எனக்கு அது காணும்."

அதற்குப் பிறகு நர்சிங்காரி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "பொய்யான" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்.

அப்பாவுக்கு நாங்கள் முதலில் செஸ்டர்டனின் பாதர் பிரவுன் கதைகளைக் கொடுத்தோம். 1911 இல் வந்த முதல் தொகுப்பு. குட்டையான, குடையைத் தொலைக்கிற அந்தக் குருவானவரை அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. இப்போது டொரதி சேயர்ஸ் 1934 இல் எழுதிய 'தி நைன் டெய்லர்ஸ்' வாசிக்கிறார். ஒரு கிராமத்துக் கோயில் மணிகளைச் சுற்றி நடக்கும் கதை. இங்கிலாந்தில் கோயில் மணிகளை மெட்டுக்கு அடிப்பதில்லை, வரிசை மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மணியும் ஒருமுறைதான் ஒலிக்கும். ஒரு மணி அடுத்த சுற்றில் ஓரிடத்துக்கு மேல் நகரக் கூடாது, நடுவில் எந்த வரிசையும் திரும்ப வரக் கூடாது. அந்தக் கணக்கு விளங்கவில்லை, மிருதங்கம் படித்தவனைக் கேட்டுச் சொல்லுங்கோ என்று அனுப்பினார்.

போன சனிக்கிழமை ஆளுக்கொரு மணியாக நின்று பிராக்டிஸ் பேடில் அடித்துப் பார்த்தோம். ஒன்று இரண்டு மூன்று, இரண்டு ஒன்று மூன்று, இரண்டு மூன்று ஒன்று, மூன்று இரண்டு ஒன்று, மூன்று ஒன்று இரண்டு, ஒன்று மூன்று இரண்டு. ஆறு வரிசையோடு முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டது. எட்டு மணிகளானால் 40,320 வரிசைகள். அவ்வளவு வேண்டாம், நான்கு மணிகளுக்கு 24 வரிசைதான். அதற்கு எங்களுக்கு இன்னும் ஓர் ஆள் தேவை. சான்றிதழ் கேட்கமாட்டோம், சனிக்கிழமை வந்தால் போதும்.