கிடாருக்கு ஒரு முட்டுக்கட்டை

கிடாரில் ஒரு கம்பி அறுந்தால், மீதி ஐந்தை வைத்துப் பாட்டை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். சாதாரண கிடாரில் அது நடக்கும். 'ஃப்ளோட்டிங் பிரிட்ஜ்' வைத்த எலெக்ட்ரிக் கிடாரில் நடக்காது. அங்கே ஒரு கம்பி போனால், அறுபடாத ஐந்து கம்பிகளும் அதே நொடியில் சுருதி விலகிவிடும்.

கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த அந்த 24 வயது இளைஞருக்கு இது ஆடித் திருவிழா மேடையில்தான் தெரிந்தது. பகலில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிடார். அன்று இரண்டாவது பாட்டிலேயே மெல்லிய கம்பி 'டப்'பென்று போனது. நிறுத்தாமல் வாசித்தார். கீபோர்டு ஒரு சுருதியில் இருந்தது, கிடார் இன்னொரு சுருதியில் இருந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி குழுத் தலைவர் கையைக் காட்டினார். மீதி நிகழ்ச்சி முழுக்க கிடார் தோளில் தொங்கியது, அவ்வளவுதான்.

இறங்கியதும் தலைவர் சொன்னார்: "தம்பி, அடுத்த புரோகிராம் கல்வராயன்மலையில. வேற கிடார் எடுத்துட்டு வா. இல்லன்னா சொல்லிடு, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேறு கிடாருக்கு எங்கே போவது? ஒன்பது மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிடார் அது. விற்றால் பாதி விலைகூட வராது.

மிதக்கிற பிரிட்ஜ்

கம்பிகள் கிடாரின் உடலில் வந்து உட்காரும் இடம்தான் பிரிட்ஜ். வீணையின் குதிரை மாதிரி. பெரும்பாலான கிடார்களில் இது அசையாது. ஃப்ளோட்டிங் வகையில், இரண்டு சின்னத் தூண்களின் மேல் முன்னும் பின்னும் சாயும்படி நிற்கும். அதில் ஒரு கைப்பிடி இருக்கும். அழுத்தினால் ஆறு கம்பிகளும் தளர்ந்து ஸ்வரம் கீழே வழியும். தூக்கினால் மேலே ஏறும்.

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1954-ல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் ஸ்பிரிங் வைத்து அசையும் பிரிட்ஜ் புகழ்பெற்றது. ஆனால் கைப்பிடியை அதிகம் ஆட்டினால் சுருதி நிற்காது. ஃபிளாய்ட் ரோஸ் என்ற கிடார் கலைஞர், கம்பியின் இரண்டு முனைகளையும் பூட்டிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். 1979-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எட்டி வான் ஹேலன் போன்றவர்கள் கையில் அது உலகமெங்கும் பரவியது. இன்னொரு வேடிக்கை, இதை எல்லோரும் 'ட்ரெமோலோ' என்கிறார்கள். ட்ரெமோலோ என்றால் ஒலியின் அளவு ஏறி இறங்குவது. இதில் ஏறி இறங்குவது சுருதி. அதன் சரியான பெயர் 'வைப்ரேட்டோ'. பெயர் மட்டும் மாறவே இல்லை.

விஷயம் இதுதான். '9-42' எனப்படும் மெல்லிய கம்பி செட்டை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 38 கிலோ எடைக்குச் சமமாக பிரிட்ஜை முன்பக்கம் இழுக்கும். கிடாரின் முதுகில், மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பிரிட்ஜ் மட்டமாக நிற்கும். ஒரு கம்பி அறுந்தால் முன்பக்க இழுவை குறைகிறது, ஸ்பிரிங் ஜெயிக்கிறது, பிரிட்ஜ் பின்னால் சாய்கிறது. மீதி ஐந்து கம்பிகளும் தேவைக்கு மேல் முறுக்கேறிவிடுகின்றன.

கமகம் மாதிரி ஒரு கம்பியை வளைத்து வாசித்தாலும் இதே கதைதான். அந்தக் கம்பியின் இழுவை கூடுவதால் பிரிட்ஜ் லேசாக முன்னால் சாயும், மற்றவை இறங்கும். ஒரு கம்பியை மட்டும் தனியாகச் சரிசெய்வது என்ற பேச்சே இந்தக் கிடாரில் கிடையாது.

அப்பா கேட்ட கேள்வி

அவருடைய அப்பா மரச்சிற்பி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கு நினைவிருக்கலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கத்தில் பல குடும்பங்கள் உளியை நம்பி இருக்கின்றன. மகனும் அதில் உட்காருவான் என்று எதிர்பார்த்தவர் அப்பா. உட்காரவில்லை. இரண்டு வருடங்களாக அந்தக் கிடாரை அவர் 'சத்தம்' என்று மட்டும்தான் சொல்லிவந்தார். "சத்தத்த நிறுத்திட்டு சாப்பிட வா."

கிடாரை விற்பதாக மகன் போனில் யாரிடமோ பேசியது அவர் காதில் விழுந்தது. சாப்பாடு முடிந்ததும், "அதுல அப்படி என்னாடா கோளாறு? கொண்டா இங்க" என்றார்.

மகன் முதுகு மூடியைக் கழற்றிக் காட்டினார். அப்பா கைப்பிடியை அழுத்திப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். ஸ்பிரிங்கை விரலால் தொட்டார்.

"தேர முன்னால வடம் புடிச்சு இழுக்கறாங்க. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடற ஆளு இல்லன்னா என்னா ஆவும்? இதுல ரெண்டு பக்கமும் வடம் இருக்கு. கட்டை போட ஆள் இல்ல. அவ்ளோதான்."

ஒருவருடைய வேலைக்கு இடைஞ்சல் செய்வதைத்தான் நாம் முட்டுக்கட்டை போடுவது என்கிறோம். தேர் இழுக்கும் ஊர்களில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கட்டை இல்லாமல் தேர் தெரு திரும்பாது.

புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, பிரிட்ஜ் மட்டமாக நிற்கும்படி செய்துவிட்டு மகன் காத்திருந்தார். அப்பா வாகைமரத் துண்டு ஒன்றை ஆப்பு மாதிரி செதுக்கினார். அது பிரிட்ஜின் பின்பக்கத்துக்கும் கிடாரின் உடலுக்கும் நடுவில் போக வேண்டும். கட்டையைச் செருகியதும் மொபைலில் ட்யூனர் ஆப் சுருதி இறங்கியதாகக் காட்டினால், கட்டை தடிமன். எடுத்து உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். மறுபடி செருகி, மறுபடி மீட்ட வேண்டும்.

கட்டை இருந்தாலும் எடுத்தாலும் ட்யூனரில் ஒரே அளவு காட்டும்வரை இது நடந்தது. இரண்டு துண்டுகள் அதிகம் தேய்ந்து வீணாகின. மூன்றாவது சரியாக உட்கார்ந்தபோது மணி 11 தாண்டிவிட்டது. கடைசியில் அப்பா ட்யூனரைப் பார்க்கவே இல்லை. காதை வைத்தே "இன்னும் ஒரு தேய்ப்பு" என்றார்.

கம்பி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இந்த வகை கிடார் வீட்டில் இருந்தால், கம்பி மாற்றும் வேலையை அவசரத்தில் தொட வேண்டாம். நிகழ்ச்சிக்கு முதல் நாளாவது செய்துவிடுங்கள்.

முதலில், பழைய கம்பியின் அளவையே வாங்குங்கள். 9-42 இருந்த இடத்தில் 10-46 செட்டைப் போட்டால், மொத்த இழுவை சுமார் 47 கிலோவாக ஏறும். பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொள்ளும். பிறகு முதுகில் உள்ள ஸ்பிரிங்குகளைத் திரும்பச் சமன் செய்யாமல் வாசிக்க முடியாது.

ஆறு கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, ஓரளவு சுருதிக்கு ஏற்றிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கிடாரைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டுமென்றால், முன்கூட்டியே பிரிட்ஜின் பின்னால் கட்டையோ, மடித்த துணியோ கொடுத்துவிடுங்கள்.

பூட்டு வைத்த மாடல்களில், கழுத்துப் பக்கம் உள்ள பூட்டை முதலில் தளர்த்த வேண்டும். பிரிட்ஜில் இருக்கும் சின்னத் திருகுகளை நடு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வீணையில் லங்கர் பக்கம் உள்ள வளையத்தை நகர்த்தி நுணுக்கமாகச் சுருதி சேர்ப்பார்களே, அதே வேலைதான் இவற்றுக்கும். கம்பியின் முனையில் உள்ள குண்டை வெட்டிவிட்டுத்தான் பல மாடல்களில் பிரிட்ஜில் செருக வேண்டும்.

அடுத்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்று வரிசையாகச் சுருதி சேருங்கள். ஆறாவதை முடிக்கும்போது முதல் கம்பி இறங்கியிருக்கும். கோபப்பட வேண்டாம், அது கோளாறு இல்லை. புதுக் கம்பிகளைக் கையால் மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாருங்கள். நாலைந்து சுற்றில் நிலைக்கு வரும். பிறகுதான் பூட்ட வேண்டும். அதையும் முரட்டுத்தனமாக முறுக்கினால் திருகின் மரை போய்விடும்.

பிரிட்ஜைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கம் தூக்கியிருந்தால், முதுகில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூக்களையும் சமமாகக் கால் சுற்று உள்ளே முறுக்குங்கள். பின்னால் இறங்கியிருந்தால் கால் சுற்று தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்து வைத்தால் போதும். நம்மூர் வியர்வைக்குத் துருதான் முதல் எதிரி.

மலை ஏறிய கிடார்

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வண்டி மலை ஏறியது. கரியாலூர், வெள்ளிமலை பக்கமெல்லாம் 2,000 அடிக்கு மேல். கீழே வியர்த்து வழிந்தவர்கள் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டார்கள். குளிரும் ஈரமும் கம்பியையும் மரத்தையும் சும்மா விடாது; மிதக்கிற பிரிட்ஜில் அந்தச் சின்ன மாற்றமும் ஆறு கம்பிகளிலும் கேட்கும். அதனால் இறங்கியதும் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் சுருதி சேர்த்தார். பையில் துணி சுற்றிய கட்டை இருந்தது.

குழுத் தலைவர் பழைய கிடாரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது பாட்டில் மறுபடியும் கம்பி போனது. கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்தினார். பிரிட்ஜின் பின்பக்கம் மேலெழுந்தது. கட்டையைச் செருகிக் கைப்பிடியை விட்டார். ஸ்பிரிங் இழுத்த இழுப்பில் பிரிட்ஜ் கட்டையின் மேல் வந்து உட்கார்ந்தது. மீதி ஐந்து கம்பிகளும் இருந்த சுருதியிலேயே நின்றன. பல்லவி திரும்பி வருவதற்குள் அவரும் பாட்டுக்குள் வந்துவிட்டார். கூட்டம் கவனிக்கவில்லை. தலைவர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுத்த நிகழ்ச்சியின் தேதியை இறங்கும் வழியில் வண்டியிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது சின்னசேலம், சங்கராபுரம் பக்கமிருந்தும் கிடாரோடு சிலர் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். கம்பி மாற்றிக் கொடுப்பது மகன். கட்டை அப்பாவின் பொறுப்பு. அளவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், செய்து வையுங்கள் என்று யாராவது சொன்னால் அப்பா ஒப்புக்கொள்வதில்லை.

"கிடார எடுத்துட்டு வரச் சொல்லு. கேக்காம எப்படித் தேய்க்கிறது?"