தண்ணீரில் வரைந்த எலி

டோக்கியோ டிஸ்னிலாந்தில் வெள்ளைச் சீருடை அணிந்த ஒருவர் பெருக்கிக்கொண்டே போகிறார். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் நீளக் கைப்பிடி வைத்த குப்பைத்தட்டு. குனியாமல், நிமிர்ந்த முதுகோடு, நடக்கிற வேகத்திலேயே கூட்டித் தள்ளுகிறார். திடீரென நிற்கிறார். துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் ஒரு பெரிய வட்டம் போடுகிறார். அதன் தலைமேல் இரண்டு சின்ன வட்டங்கள். கண்ணும் மூக்கும் வருவதற்குள் நாலைந்து குழந்தைகள் சுற்றி நின்றுவிடுகின்றன. மிக்கி மவுஸ் சிரிக்கும்போது அப்பாக்கள் கேமராவைத் தேடுகிறார்கள். வெயில் நாளாக இருந்தால் முதலில் காது காயும், பிறகு கன்னம். எலி முழுதாக மறைவதற்குள் வரைந்தவர் இருபது அடி தள்ளிப் பாப்கார்ன் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

இலையுதிர் காலத்தில் தண்ணீர் வேண்டாம். கூட்டிய சருகுகளையே குவித்து, ஓரத்தைத் துடைப்பத்தால் திருத்தி, அதே எலியைச் செய்துவிடுவார்கள். மழை விட்ட பிறகு தேங்கி நிற்கும் நீரே மை.

தமிழ் வாசகருக்கு இதைப் படித்ததும் வாசல் ஞாபகம் வரும். நாம் ஈரத் தரையில் காய்ந்த மாவால் போடுகிறோம். அவர்கள் காய்ந்த தரையில் ஈரத்தால் போடுகிறார்கள். இரண்டும் மிதிபட்டு மறையத்தான் போடப்படுகின்றன. இரண்டுக்கும் முதல் தேவை ஒன்றுதான்: தரை ஏற்கெனவே சுத்தமாகப் பெருக்கப்பட்டிருக்க வேண்டும். குப்பை கிடக்கிற இடத்தில் எந்தப் படமும் எடுபடாது. தீம் பார்க்கில் வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். கழிப்பறை நாறும் பூங்காவில் பலூன் கொடுத்து ஒரு குடும்பத்தையும் மகிழ்விக்க முடியாது.

வால்ட் டிஸ்னிக்கு அழுக்கு ஆகாது. தன் மகள்கள் ராட்டினத்தில் சுற்றும்போது பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த அலுப்பில்தான் அவருக்குப் பூங்கா கட்டும் யோசனை பிறந்தது என்பார்கள். அந்தக் காலத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் அழுக்கானவை, அதில் ஏன் இறங்குகிறீர்கள் என்று மனைவி கேட்டதாகவும், தன்னுடையது அப்படி இருக்காது என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, கலிபோர்னியாவின் அனகைமில் டிஸ்னிலாந்து திறந்த நாளில் நடந்தது வேறு. கள்ள டிக்கெட்டில் கூட்டம் நுழைந்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. வெயிலில் இளகிய தாரில் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது. வியப்புகளுக்குக் குறைவில்லை, மகிழ்ச்சிதான் குறைவு. அங்கே துப்புரவுப் பிரிவின் முதல் தலைவராக இருந்த சக் போயாஜியன் பின்னாளில் டோக்கியோ பூங்காவுக்கும் வழிகாட்டினார். அந்தப் பூங்கா 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தது. நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம்.

துப்புரவாளருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காரணம் எளிது. பூங்காவில் கவுண்டருக்குப் பின்னால் இல்லாத ஆள் அவர்தான். டிக்கெட் கொடுப்பவரிடம் வரிசையில் நின்றுதான் பேச முடியும். ரைடை இயக்குபவரின் கண் எப்போதும் பெல்ட்டிலும் பொத்தானிலும் இருக்கும். பெருக்குகிறவர் மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறார், எப்போதும் நடந்துகொண்டிருக்கிறார், யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். பாத்ரூம் எங்கே, பால் புட்டியைச் சூடுபண்ண இடம் உண்டா, பையன் தொப்பியைத் தொலைத்துவிட்டான், எல்லாம் அவரிடம்தான் வரும்.

அமெரிக்கப் பூங்காக்களில் பிரசித்தமான கேள்வி ஒன்று உண்டு. "மூன்று மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?" புதிதாகச் சேர்ந்தவருக்குச் சிரிப்பு வரும். அனுபவசாலி சிரிப்பதில்லை. கேட்டவர் முட்டாள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஊர்வலம் ஒரு முனையில் மூன்று மணிக்குக் கிளம்பும். நாம் நிற்கும் இடத்துக்கு எப்போது வரும், எங்கே நின்றால் குழந்தைக்குத் தெரியும், அதற்குள் ஐஸ்கிரீம் வாங்கிவிட்டு வர நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடிகாரத்தைச் சொல்பவர் பதில் சொல்கிறார். நிழல் விழும் ஓரத்தைக் காட்டி, "இங்கே நில்லுங்கள், குள்ளமான சுவர் இருக்கிறது, பிள்ளையை ஏற்றி நிறுத்தலாம்" என்பவர் அந்தக் குடும்பத்தின் மத்தியானத்தையே மாற்றிவிடுகிறார். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இடம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்னிலாந்தின் பயிற்சிமுறையை 1955-இல் வகுத்தவர் வான் பிரான்ஸ். அங்கே ஊழியர் என்று சொல்வதில்லை, நடிகர் குழுவில் ஒருவர் என்பார்கள். தெரு என்பது மேடை, ஊழியர் உணவறை மேடைக்குப் பின்புறம். வாடிக்கையாளர் என்ற சொல்லும் கிடையாது, விருந்தாளிதான். தமிழுக்கு இது புதிதல்ல. விருந்து என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவர் என்பதால் அவர் விருந்து. ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் உபசாரம் வந்துவிடாது. எத்தனையோ அலுவலகங்களில் ஊழியரைக் குடும்பத்தினர் என்று அழைத்துவிட்டு மூன்றே மாதத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

சொல்லைவிட வேலை செய்வது ஒரு வரிசை. பாதுகாப்பு, கனிவு, காட்சி, திறன்: இந்த நான்கும் இதே முறையில் அங்கே கற்பிக்கப்பட்டன. 2020-இல் அனைவரையும் அரவணைப்பது என்ற ஐந்தாவது சேர்ந்தது. பார்ப்பதற்குச் சுவரொட்டி வாசகம்போல இருக்கும். தரையில் நிற்பவருக்கு அது ஓர் அனுமதிச் சீட்டு. கனிவு திறனுக்கு முன்னால் வருகிறது என்றால், பெருக்கவேண்டிய தெரு பாக்கி இருக்கும்போதே அழுகிற குழந்தைக்காக இரண்டு நிமிடம் நிற்கலாம். மேற்பார்வையாளர் வந்து ஏன் நின்றாய் என்று கேட்க முடியாது. தண்ணீர் எலியும் இப்படி நிற்க விட்டதில் பிறந்ததுதான். துடைப்பக்காரருக்கு ஓவியம் கற்றுக்கொடுப்பது சுலபம். நின்று வரைய விடுவதுதான் நிர்வாகங்களுக்குக் கஷ்டம்.

குப்பைத்தொட்டியையே வேடிக்கையாக்கியவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 1952-இல் திறந்த எஃப்டலிங் பூங்காவில் ஹோலே போலே கெய்ஸ் என்ற குண்டன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கிறான். "காகிதம் இங்கே" என்று கூவுவான். வாயருகே காகிதத்தை நீட்டினால் உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்வான். இந்த நன்றியைக் கேட்பதற்காகக் குழந்தைகள் தரையெல்லாம் தேடிக் குப்பை பொறுக்கிக்கொண்டு ஓடி வரும். புளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் 1995 முதல் 2014 வரை புஷ் என்ற குப்பைத்தொட்டி கூட்டத்துக்கு நடுவே தானாக உருண்டு போய்ப் பேசிக்கொண்டிருந்தது. இயக்குபவர் சாதாரண உடையில், மைக்கை மறைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். சிவப்புச் சட்டைத் தாத்தாவைத் தொட்டி கிண்டல் செய்யும். தாத்தா பதிலுக்கு வாயாடுவார். குண்டனுக்கு அரை நூற்றாண்டாகத் தெரிந்தது ஓரிரு வாக்கியங்கள்தான். புஷ் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேசியது. ஆனாலும் நிலைத்தவன் குண்டன். ஆள் வைத்து நடத்தும் வேடிக்கைதான் கணக்கு எழுதுபவர் கண்ணில் முதலில் படும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

யாரும் கொடுக்காமல், தானே கண்டுபிடிக்கும் சந்தோஷம் இன்னொரு வகை. கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1995-இல் திறந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடுக்கு வரிசை மிக நீளம். வழியில் ஒரு கிணறு, அதில் இறங்கும் கயிறு, இழுக்காதே என்று ஒரு எச்சரிக்கைப் பலகை. சொன்னால் கேட்கிறவர்கள் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். ஏதோ ஒரு வாண்டு இழுத்துவிடும். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆள் அலறுவார். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒலிபெருக்கியில் "தயவுசெய்து கயிற்றை இழுத்து மகிழுங்கள்" என்று அறிவித்துப் பாருங்கள், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி பூங்காவுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த ரகசியம் வேறு உருவில் தெரியும். ராஜா காலத்து உடையில் அசையாமல் நிற்கும் சிலை மனிதர். அவரைச் சிரிக்க வைக்க எத்தனை தலைமுறை முகத்தைக் கோணியிருக்கும்! அவர் ஒன்றும் செய்வதில்லை, செய்யாமல் இருப்பதே அவர் தொழில். ஆடுவது வந்தவர்கள்தான். தோற்றுப்போன பிள்ளைகளும் சிரித்துக்கொண்டேதான் திரும்பும்.

உருவம் போட்டு நிற்பவர்களின் கலை இதற்கு நெருங்கிய உறவு. முகமூடி அணிந்த மிக்கி பேசுவதில்லை. கையெழுத்து மட்டும் யார் உள்ளே இருந்தாலும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதால் அதற்குத் தனிப் பயிற்சி. கடினமான பகுதி ஓடி வந்து கட்டிக்கொள்ளும் குழந்தை அல்ல, அம்மாவின் சேலையோ பாவாடையோ, அதற்குள் ஒளிந்துகொள்ளும் குழந்தை. ஆளுயர எலி அதை நோக்கி நடந்தால் வீறிடும். தெரிந்தவர் எட்டியே நிற்பார், பக்கவாட்டில் திரும்புவார், உட்கார்ந்து உயரத்தைக் குறைப்பார், அம்மாவிடம் கை குலுக்குவார். பயம் போய்க் குழந்தை ஒரு விரலால் மூக்கைத் தொடும்வரை நேரம் அதனுடையது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும்.

டோக்கியோ பூங்காவில் பிறந்தநாளுக்கு ஸ்டிக்கர் உண்டு. பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிவிட்டால், அன்று முழுவதும் பெருக்குபவர், ரைடுக்காரர், கடைக்காரர் எல்லோரும் பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். இது இப்போது பலருக்கும் தெரிந்த விஷயம், கேட்டு வாங்குகிறார்கள். கேட்டு வாங்கியதில் வியப்பு கொஞ்சம் குறைவு, ஆனாலும் கெட்டுப்போகவில்லை. தரையில் என்ன பொறுக்குகிறீர்கள் என்று அங்கே கேட்டால், நட்சத்திரத் துண்டுகள் என்றோ கனவின் துணுக்குகள் என்றோ பதில் வரும் என்பதும் ரசிகர்களுக்குத் தெரியும். அதற்காகவே போய்க் கேட்கிறார்கள். வியப்பாகப் பிறந்து சடங்காகிவிட்டது. சடங்கிலும் சுகம் இருக்கிறது.

கெட்டுப்போனதும் உண்டு. புளோரிடா டிஸ்னியில், பூங்காவுக்கு ஒவ்வாத உடையில் வந்தவரைத் திருப்பி அனுப்பிச் சங்கடப்படுத்தாமல், கடையில் ஒரு சட்டையை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் இருந்தது. 2021-இல் ஒருவர் இதை டிக்டாக்கில் போட்டார். அதன்பின் இலவசச் சட்டைக்காகவே அரைகுறை உடையில் வருவதைப் பலரும் தந்திரமாகப் பரப்ப, அந்தத் தாராளம் நின்றுபோனது. இந்தத் தொழிலில் இருப்பவர்களின் தீராத தலைவலி இது. ஒருமுறை மனமுவந்து கொடுத்தது மறுமுறை உரிமை, மூன்றாம் முறை புகார். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் பொருளைவிடக் கவனத்தைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். எல்லாப் படத்திலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு தானே இல்லாமல் போகும் அப்பாவிடம், "கொடுங்கள், நான் எடுக்கிறேன்" என்பதற்கு யாரும் தந்திரம் கண்டுபிடிக்க முடியாது.

இதையெல்லாம் செய்பவர்களுக்குச் சம்பளம் எப்படி என்று கேட்காமல் இந்தக் கட்டுரை நகரக் கூடாது. டோக்கியோவில் பெரும்பாலோர் பகுதிநேரப் பணியாளர்கள். கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் உருவம் போடுபவர்களும் ஊர்வலத்தில் ஆடுபவர்களுமாகச் சுமார் 1,700 பேர் 2024 மே மாதம் வாக்கெடுப்பு நடத்தித் தொழிற்சங்கத்தில் சேர முடிவு செய்தார்கள். சிரித்துக்கொண்டே இருப்பதும் உழைப்புதான் என்று அவர்களே சொல்லவேண்டி வந்தது.

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. ஜப்பானின் பெரும் நிலநடுக்கம். டோக்கியோவின் இரண்டு டிஸ்னி பூங்காக்களிலும் அப்போது சுமார் 70,000 பேர் இருந்தார்கள். கடைகளில் இருந்த பகுதிநேரப் பணியாளர்கள் விற்பனைக்கு வைத்திருந்த கரடி பொம்மைகளை எடுத்து வந்தவர்களிடம் கொடுத்தார்கள், தலைமேல் வைத்து மறைத்துக்கொள்ளுங்கள் என்று. யாரும் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ரயில்கள் நின்றுவிட்டன. சுமார் 20,000 பேர் இரவைப் பூங்காவிலேயே கழிக்கவேண்டியதாயிற்று. குளிருக்குப் பிளாஸ்டிக் பைகளும் அட்டைப்பெட்டிகளும் கொடுத்தார்கள், கடையிலிருந்த தின்பண்டங்களைப் பகிர்ந்தார்கள். விருந்தாளி கண்ணில் படவே கூடாது என்று அத்தனை ஆண்டும் காத்து வந்த மேடையின் பின்புற வழியைத் திறந்து, அதன் ஊடாக மக்களைப் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். காட்சியைவிடப் பாதுகாப்பு முந்தியது. வரிசை அப்படித்தானே?

ஐந்து வாரம் பூட்டிக் கிடந்த டோக்கியோ டிஸ்னிலாந்து ஏப்ரல் 15 அன்று மீண்டும் திறந்தது. அன்று அதற்கு 28-ஆவது பிறந்தநாள்.